டாமு: ரத்தமா, இனிப்பா? தான்சானியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு ஸ்வாஹிலி

ஸ்வாஹிலியில் ரத்தத்துக்கு ஒரு சொல் உண்டு, இனிப்புக்கு ஒரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ‘டாமு’தான். ரத்தத்தின் முதல் ஒலி ‘டாக்டர்’ என்று சொல்லும்போது வருவது. இனிப்பின் முதல் ஒலி ‘டாக்ஸி’ என்று சொல்லும்போது வருவது. இயேசுவின் ரத்தம் என்று சொல்ல வந்தவர் இயேசுவின் இனிப்பு என்று சொல்லிவிட்டால், தான்சானியச் சபையார் பெரும்பாலும் சிரிக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளை சிரமப்பட்டுப் பேசுகிறது என்று மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதனாலேயே அந்தப் பிழை வருடக்கணக்கில் திருந்தாமல் கிடக்கும்.

‘பாபா’வும் இப்படித்தான். கிரிக்கெட் ‘பால்’ என்னும்போது வரும் ஒலியில் தொடங்கினால் அப்பா. குடிக்கிற ‘பால்’ ஒலியில் தொடங்கினால் சுறா மீன். கர்த்தர் கற்பித்த ஜெபம் ‘பாபா யெட்டு’, அதாவது எங்கள் பிதாவே, என்றுதான் தொடங்குகிறது. முதல் சொல்லிலேயே தமிழ் நாக்குக்குச் சோதனை.

இதற்கு ஒரே மருந்து, படிக்கிற நோட்டில் ஸ்வாஹிலியைத் தமிழெழுத்தில் எழுதாமல் இருப்பது. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் அப்படி எழுதுகிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஸ்வாஹிலியை இன்று ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், எழுதுவதுபோலவே படிக்கிறார்கள். தமிழெழுத்தில் எழுதினால் க, ட, த, ப நான்கும் தலா இரண்டு ஒலிகளை ஒளித்து வைத்துக்கொள்ளும். அதோடு நம் மொழியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் வல்லினம் தானாக மென்மையாகிவிடுகிறது. ‘பாடு’ என்பதில் உள்ள ட-வையும் ‘பாட்டு’ என்பதில் உள்ள ட-வையும் சொல்லிப் பாருங்கள். இந்தப் பழக்கத்தோடு ‘ம்டோடோ’, அதாவது குழந்தை, என்று சொன்னால் கடைசி எழுத்து மெலிந்து வேறு சொல்போல ஒலிக்கும். அதில் இரண்டு ஒலியும் அழுத்தமாக வர வேண்டும்.

பயிற்சி எளிது. இப்படி மாறிப்போகும் சொற்களில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளை அட்டைகளில் படமாக வரையுங்கள். அப்பா, சுறா, ரத்தம், சர்க்கரை என்று. நீங்கள் சொல்ல, அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் காதில் விழுந்த சொல்லுக்குரிய அட்டையை எடுக்கட்டும். தினம் பத்து நிமிடம் போதும். தொண்டையில் கைவைத்துப் பார்த்தால், அப்பாவுக்கு முதலெழுத்திலேயே அதிர்வு தொடங்கும், சுறாவுக்குத் தொடங்காது. மெத்தப் படித்த ஆசிரியரைவிட எட்டு வயதுப் பிள்ளை இதற்கு மேல். அது தாட்சண்யம் பார்க்காது.

இன்னொரு கண்ணி ஃப. நம்மில் பலருக்கு அது ப-வாகவே வரும். ‘அலிகுஃபா’ என்றால் அவர் இறந்தார். ‘அலிகுபா’ என்றால் அவர் உனக்குக் கொடுத்தார். ‘நிமெஃபிகா’ வந்து சேர்ந்தேன், ‘நிமெபிகா’ சமைத்தேன். பாவம் என்பதற்கான சொல்லைத் தமிழில் எழுதினால் ‘தம்பி’ என்றே வரும். ஆனால் அதன் முதலெழுத்தை, ‘அது’ என்னும் சொல்லின் ‘து’வைப் போல நாக்கு நுனி தளர்ந்து சொல்ல வேண்டும்.

நமக்குக் கைகொடுக்கும் ஒலிகளும் உண்டு. மாட்டுக்கு ‘ஙோம்பே’ என்று பெயர். ‘ஙப்போல் வளை’ படித்த நமக்கு அந்த எழுத்து புதிதல்ல. ஞ-வும் அப்படியே. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ம்’ மட்டும் பழக வேண்டும். மனிதன் ‘ம்ட்டு’. அதை ‘முட்டு’ என்றோ ‘இம்ட்டு’ என்றோ இழுக்காமல், வாயை மூடி ம் என்பதையே ஓர் அசையாக நிறுத்திச் சொல்லுங்கள். அழுத்தம் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். விலக்குகள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அருட்சகோதரிகளும் செவிலியரும் ஆசிரியர்களும் தான்சானியாவுக்குப் போய்ச் சேவை செய்கிறார்கள். போகிறவர்களில் பலர் ஆங்கிலம் இருக்கிறதே என்ற தைரியத்தில் போகிறார்கள். அந்தத் தைரியம் மருத்துவமனை அலுவலகம் வரைக்கும்தான் செல்லும். 120க்கும் மேற்பட்ட இனமொழிகள் உள்ள நாடு அது. அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டுவது ஸ்வாஹிலி. வழிபாடும் பெரும்பாலும் அதில்தான். சுகுமா, ஹாயா போன்ற மக்களின் உள்கிராமங்களில் பாட்டிமார்களிடம் பேச ஸ்வாஹிலியும் போதாமல் போகலாம். ஆனால் அது இரண்டாம் வருடத்துக் கவலை.

அனுமதி பற்றி ஒன்று மட்டும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது சட்டப்படி தவறு. மறைப்பணியாளருக்கும் தன்னார்வலருக்கும் ‘சி’ வகைக் குடியிருப்பு அனுமதி இருக்கிறது. அழைக்கும் திருச்சபை அல்லது மறைமாவட்டம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் அதைத் தட்டிக்கழித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இந்தியர் என்றால் அங்கே ‘ம்ஹிண்டி’. நகரங்களில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்தி வணிகர்களைத்தான் அந்தச் சொல் முதலில் நினைவூட்டும். நீங்கள் சந்தையில் நின்றால் எந்தக் கடை உங்களுடையது என்று கேட்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை வாங்குகிறவரின் மொழி உங்கள் வாயிலிருந்து வந்தால் அந்த எண்ணம் உறுதியாகிவிடும். தமிழில் ‘தண்ணி வேணும்’ என்று இயல்பாகச் சொல்வதை அப்படியே மாற்றி ‘நடாகா’, அதாவது வேண்டும், என்று சொன்னால் அங்கே அதட்டலாகக் கேட்கும். ‘நவோம்பா மாஜி’ என்று சொல்லுங்கள். தண்ணீரை வேண்டிக் கேட்கிறேன் என்று பொருள். கடவுளிடம் மன்றாடுவதற்கும் இதே வினைதான்.

அந்த வினை உங்களோடு கடைசிவரை வரும். ‘ஓம்பா’ வேண்டு. ‘ஓம்பேயா’ ஒருவருக்காக வேண்டு. ‘நியோம்பேயே’ எனக்காக ஜெபியுங்கள். ஒரு ஏகாரம் குறைந்து ‘நியோம்பே’ ஆனால், என்னிடம் கேள் என்றோ நான் கேட்கட்டுமா என்றோ பொருள் மாறிவிடும். மீட்பைப் பற்றிப் பேசும்போது ‘ஓகோவா’ காப்பாற்று. ‘ஓகோடா’ என்றால் தரையில் கிடப்பதைப் பொறுக்கு. விசுவாசம் ‘இமானி’, சமாதானம் ‘அமானி’. களைத்த நேரத்தில் இவை இரண்டும் இடம் மாறும்.

இலக்கணத்தில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரே சொல்லில் எழுவாய், காலம், வினை எல்லாம் ஒட்டிக்கொள்வது நமக்குப் பிறவிப் பழக்கம். ‘உதவுவேன்’ என்பதில் வினை முதலில், காலம் நடுவில், ஆள் கடைசியில். ஸ்வாஹிலியில் அது கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கிறது. ‘நிடாகுசாய்டியா’: நி என்றால் நான், டா எதிர்காலம், கு உனக்கு, சாய்டியா உதவு. நம் சொல்லைப் பின்னாலிருந்து படிக்கப் பழகினால் போதும். கதை சொல்லும்போது வரும் ‘கா’ இன்னும் நெருக்கம். ‘அகாயெண்டா, அகாம்வோனா, அகாம்வாம்பியா’, போய், பார்த்து, சொன்னான். விவிலியக் கதைகள் முழுக்க இந்த நடைதான். நம் பாட்டிமார் வினையெச்சங்களைக் கோத்துக் கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதன் மூச்சு உடனே பிடிபடும்.

சிரமம் பெயர்ச்சொல் வகுப்புகளில். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. அங்கே பத்துக்கும் மேல். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு. அது பெயரோடு நிற்காமல் உரிச்சொல், ‘உடைய’, வினை எல்லாவற்றிலும் ஏறி உட்காரும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் சோர்ந்துபோவார்கள். கர்த்தரின் ஜெபத்தையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தச் சபைகள் சொல்லும் வடிவத்தில் மூன்று வரிகள்: ‘ஜினா லாகோ லிடுகுஸ்வே’, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக. ‘உஃபால்மே வாகோ உஜே’, உம்முடைய ராஜ்யம் வருவதாக. ‘மபென்ஸி யாகோ யாடிமிஸ்வே’, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக. தமிழில் ‘உம்முடைய’ மூன்று வரியிலும் மாறவில்லை. அங்கே லாகோ, வாகோ, யாகோ. வினையின் தொடக்கமும் லி, உ, யா என்று கூடவே மாறுகிறது. தினமும் சொல்லும் ஜெபத்தில் மூன்று வகுப்புகள் வேரூன்றிவிடும். பிறகு புதிய பெயர்ச்சொல் எதைக் கேட்டாலும் இது நாமத்தின் கூட்டமா, ராஜ்யத்தின் கூட்டமா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு வித்தியாசம். விலங்குகள் நமக்கு அஃறிணை. அங்கே சிங்கமும் கோழியும் மனிதரோடு சேர்ந்து ‘அ’ என்னும் எழுவாயையே எடுத்துக்கொள்ளும். நடமாடும் உயிரா என்பதே கேள்வி. ‘ரோஹோ யாங்கு இமெசோகா’, என் ஆவி களைத்தது, என்பதில் ஆவி பொருள்களின் வகுப்பில் நிற்கிறது. தூய ஆவியைச் சொல்லும்போது ‘ரோஹோ ம்டகாடிஃபு அமெஷூகா’, உயிருள்ளவராக இறங்கி வந்தார்.

இந்த இலக்கணத்தில் என்னை மிகவும் நெகிழவைப்பது யோவான் நற்செய்தியின் முதல் வசனம். ‘நேனோ’, வார்த்தை, நாமத்தின் கூட்டத்தைச் சேர்ந்தது. சாதாரணப் பேச்சில் அதற்கு ‘லி’ வர வேண்டும். 1952இல் வந்த ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ என்னும் ஸ்வாஹிலி விவிலியம் ‘ஹாபோ ம்வான்ஸோ குலிகுவாகோ நேனோ, நாயே நேனோ அலிகுவாகோ க்வா முங்கு’ என்கிறது. ‘நாயே’, ‘அ’ இரண்டும் ஆளுக்குரியவை. பொருளாகத் தொடங்கிய வார்த்தை அடுத்த தொடரிலேயே ஆளாகிவிட்டது. தமிழில் சபையார் மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘அந்த வார்த்தை தேவனாயிருந்தது’ என்று அஃறிணை முடிவு வந்து, இரண்டாம் வசனத்தில்தான் ‘அவர்’ வருகிறது. இரண்டு மொழிகளும் ஒரே மறைபொருளின் முன் நின்று தங்கள் திணையை எந்த இடத்தில் மாற்றலாம் என்று யோசித்திருக்கின்றன. இதை ஒரு வேதபாட வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அங்குள்ள மக்கள் தங்கள் மொழியைப் புதிதாகப் பார்ப்பார்கள்.

எந்த மொழிபெயர்ப்பைப் படிப்பது என்ற கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானிய மறைப்பணியாளரான யோஹான் லுட்விக் கிராஃப் 1844இல், இன்றைய கென்யாவின் கடற்கரையில் உள்ள மொம்பாசா வந்தார். சில மாதங்களில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் அங்கேயே புதைத்தார். அந்தத் துக்கத்தோடு மொழியைப் படித்து 1850இல் ஸ்வாஹிலி இலக்கணம் வெளியிட்டார். அவருடைய அகராதி அவர் இறந்தபின் 1882இல் வந்தது. அவர் படித்தது மொம்பாசாவின் பேச்சுவழக்கு. சான்சிபாரில் இருந்த ஆங்கிலிக்கன் ஆயர் எட்வர்ட் ஸ்டீர் அந்தத் தீவின் வழக்கை எடுத்துக்கொண்டார். 1930இல் அமைந்த மொழிக்குழு, சான்சிபார் வழக்கையே அடிப்படையாகக் கொண்டு பொது மொழியை வகுத்தது. ஐக்கிய மொழிபெயர்ப்பின் நடை இன்றைய பேச்சுக்குச் சற்றுப் பழையது. ஆனால் முதியவர்கள் மனத்தில் இருப்பது அதுதான். சபையில் வாசிக்க அதையும், பேசப் பழக ‘ஹபாரி ஞ்ஜேமா’ என்னும் எளிய நடை மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்வது நல்லது.

மரியாதை விஷயத்தில் தமிழர் தடுமாறும் இடம் ஒன்று. அங்கே நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு இல்லை. அவன், அவள், அவர் எல்லாம் ஒரே ‘அ’. பெரியவரை ஒருமையில் அழைக்க மனம் வராமல் பன்மையைப் போட்டால், நீங்கள் இன்னும் யாரைச் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. வயதில் மூத்தவரைக் கண்டதும் ‘ஷிகமோ’. உங்கள் கால்களைப் பற்றுகிறேன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். இதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால், பிறகு எவ்வளவு இலக்கணச் சுத்தமாகப் பேசினாலும் பயனில்லை. கத்தோலிக்க வீடுகளில் ‘டும்சிஃபு யேசு கிரிஸ்டோ’, பதில் ‘மிலேலே, அமினா’. மற்றச் சபைகளில் ‘ப்வானா யேசு அசிஃபிவே’, பதில் ‘அமினா’. ‘ஜாம்போ’ சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஆகிவிட்டது, விட்டுவிடுங்கள்.

உறவுமுறையில் மட்டும் நாம் வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். ‘பாபா ம்குப்வா’, பெரிய அப்பா, நம் பெரியப்பா. ‘பாபா ம்டோகோ’, சின்ன அப்பா, சித்தப்பா. தாய்மாமனுக்குத் தனிச்சொல் ‘ம்ஜோம்பா’, அத்தைக்கு ‘ஷங்காஸி’. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ‘ம்புங்கா’, ‘ம்செலே’, ‘வாலி’ என்று மூன்று சொற்கள். கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்வி முதல் நாளே வரும். ஆணுக்கு ‘நிமெயோவா’, பெண்ணுக்கு ‘நிமெயோலேவா’, நம் ஊரில் கட்டினான், வாக்கப்பட்டாள் என்பதுபோல. ஆகவில்லை என்றால் ‘இல்லை’ என்று வெட்டாமல் ‘பாடோ’, இன்னும் இல்லை, என்று சொல்வதே அங்கே இயல்பு.

முதல் நான்கு மாதம் பிரசங்கம் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அனுப்பும் சபைக்கு அறிக்கை எழுத வேண்டிய அவசரத்தில் இரண்டாம் வாரமே மேடையேறி, மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசத் தொடங்குகிறவர்கள் பிறகு மொழியைக் கற்பதே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஊன்றுகோல்; அதை விட்டு நடக்க மனம் வராது. முசோமாவில் மகோகோ, மொரோகோரோ போன்ற இடங்களில் திருச்சபை சார்ந்த மொழிப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தங்கிப் படிக்க வசதியிருந்தால் ஊழியக் காலத்தில் அந்த மாதங்களைக் கழித்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பள்ளிக்குப் போக முடியாதவர்கள் இப்படிச் செய்யலாம். காலையில் ஒரு மணிநேரம் ஆசிரியரோடு உட்கார்ந்து ஐந்து வரி தயாரியுங்கள். என் பெயர் இன்னது, இந்தியாவிலிருந்து வருகிறேன், ஸ்வாஹிலி படிக்கிறேன், இவ்வளவுதான் தெரியும், நாளை மறுபடி வருகிறேன். கைப்பேசியில் அவர் குரலைப் பதிந்து இருபது முறை கூடவே சொல்லுங்கள். மாலையில் அதே ஐந்து வரியை இருபது பேரிடம் சொல்லுங்கள். காய்கறிக்காரர், தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். மறுநாள் அவர்கள் கேட்ட கேள்விதான் அடுத்த பாடம். ஐம்பது வரியைப் படித்து ஒருவரிடமும் பேசாதவரைவிட, ஐந்து வரியை இருபது பேரிடம் பேசியவர் ஆறு மாதத்தில் வெகுதூரம் போயிருப்பார்.

பேச்சு வளர மிகச் சிறந்த இடம் ‘ஜுமுயா’. நம் கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியம் போன்றது. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970களில் இச்சிறு சமூகங்களைத் தங்கள் மேய்ப்புப் பணியின் அடித்தளமாக ஏற்றார்கள். அக்கம்பக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஞாயிறு நற்செய்தியை வாசித்துப் பேசுவார்கள். முதல் மாதம் கேளுங்கள். இரண்டாம் மாதம் ஒரு வசனம் வாசிக்கக் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் மாதம் ஒரு வரி மன்றாட்டு. பாடகர் குழுவிலும் சேருங்கள். மெட்டோடு வந்த இலக்கணம் மறக்காது. லூத்தரன் சபையாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் வெளியே ‘ம்னாடா’ நடக்கும். காணிக்கையாக வந்த கோழி, முட்டை, வாழைத்தாரை ஏலம் விடுவார்கள். ஆயிரங்களை ஸ்வாஹிலியில் காதால் பிடிக்க இதைவிட நல்ல வகுப்பு இல்லை. ஒரு கோழியை ஏலத்தில் எடுத்து வயதான ஒருவருக்குக் கொடுங்கள்.

நேரத்தில் ஒரு எச்சரிக்கை. ‘சா மோஜா’, ஒரு மணி, என்றால் காலை ஏழு மணி. நாழிகைபோல அவர்களும் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். கடிகார முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்தான் அவர்கள் சொல்லும் மணி. கிழமையும் வெள்ளிக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கும். சனி ‘ஒன்று’, ஞாயிறு ‘இரண்டு’, திங்கள் ‘மூன்று’. ‘ஜுமாடாடு’வை எண்ணைப் பார்த்துச் செவ்வாய் என்று எண்ணிப் போனால் கூட்டம் நேற்றே முடிந்திருக்கும்.

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பிரசங்கம். எட்டு நிமிடம், ஐந்நூறு சொல், அதற்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். தமிழ்ப் பிரசங்கத்தின் நீண்ட தொடர்கள் அங்கே முறிந்துவிடும். உங்களிடம் இருக்கிற ஸ்வாஹிலியில் எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள். ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள், பிறகு சபையைச் சாராத ஒருவரிடம் படித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதியதோடு பொருந்தாவிட்டால் பிழை அவர் காதில் இல்லை.

ஆனால் பிரசங்கத்துக்கு முன்பே உங்களுக்கு ஒரு ‘ம்சிபா’ வந்துவிடும். அண்டை வீட்டில் சாவு. அழைப்புக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். பெண்கள் பாயில், ஆண்கள் வெளியே பெஞ்சில். கைகொடுத்து ‘போலேனி சானா’ சொல்லுங்கள். ‘ரம்பிரம்பி’ என்னும் மொய்ப்பணத்தைக் குறிப்பு எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். தேறுதல் சொல்ல வாக்கியம் தேட வேண்டியதில்லை. இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பதே அங்கே பேச்சு. அடுத்த நாளும் போங்கள்.

வீடு சந்திக்கப் போகும்போது வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுங்கள். ‘கரிபு’ என்று பதில் வந்தபின் நுழையுங்கள். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். புறப்படும்போது வீட்டுக்காரர் வாசலோடு நிற்க மாட்டார், உங்களோடு பாதி வழி நடந்து வருவார். இதற்கு ‘குசிண்டிகிஸா’ என்று தனி வினையே உண்டு. சிரமம் வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்குள் எல்லோர் முன்னும் சொல்ல முடியாததை, மகனின் நோயை, கட்ட முடியாத கடனை, அந்தப் பாதையில்தான் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பாதி சொற்கள் புரியாது. அப்போது இடைமறித்துக் கேட்காமல் கூட நடந்து, பிரியும் இடத்தில் அவருடைய பெயரைச் சொல்லி ‘நிடாகுவோம்பேயா’, உங்களுக்காக ஜெபிப்பேன், என்று சொல்லுங்கள். புரியாத சொற்களை அறைக்குத் திரும்பியதும் நோட்டில் எழுதி, பேர் சொல்லாமல், மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.